கோப்பை கண்டுபிடிக்காதது

ஒரு செல்போன் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் ஒரு சோதனைக் கோப்பை இருந்தது. வேலைக்கு வருகிறவர்களின் சிறுநீரில் போதைப் பொருள் இருந்தால் காட்டிக்கொடுப்பது அதன் தொழில். அதனால் கொஞ்சம் தலைக்கனம்.

"என் கண்ணில் மண்ணைத் தூவ எவராலும் முடியாது" என்று பக்கத்தில் இருந்த பஞ்சிடம் அளந்துகொண்டிருந்தது.

அன்று சகாயமேரி வந்தாள். அவளுடைய கைப்பையில் வலிப்பு மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் கைகால் வெட்டி இழுத்து விழுந்த நாளிலிருந்து அந்த மாத்திரைக் குடும்பம்தான் அவளை விழாமல் பார்த்துக்கொண்டது. ஆனால் கொஞ்ச நாளாக அவள் அட்டையைத் தொடவே இல்லை.

"நம்மை ஏன் மறந்தாள்? என்ன கோபம்?" என்று ஏங்கியது ஒரு மாத்திரை.

கோபமில்லை, பயம். விடுதித் தோழி சொல்லியிருந்தாள்: "எந்த மாத்திரை போட்டாலும் டெஸ்ட்ல போதைன்னு காட்டிரும்டி. வேலை கிடைச்ச மாதிரிதான்!" இந்த வேலைக்காக மேரி ஏறாத படியில்லை.

நர்ஸ் கேட்டார்: "டாக்டர் எழுதிக் குடுத்து ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியாம்மா? சொன்னா குறிச்சுக்குவேன். தப்பு ஒண்ணுமில்ல."

பைக்குள் மாத்திரைகள் துடித்தன. "சொல்லு தாயி! நாங்க இருக்கோம்னு சொல்லு!"

"இல்ல சிஸ்டர்" என்றாள் மேரி.

சோதனை முடிந்தது. "எல்லாம் நல்லா இருக்கு. நாளைக்கே மெஷின்ல நிக்கலாம். ஆனா இந்த டெஸ்ட் அடிக்கடி இருக்கும், பாத்துக்கோ."

மேரிக்குச் சந்தோஷம் தாளவில்லை. நர்ஸ் திரும்பிய நேரம் பார்த்து, அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நடந்தாள். சற்று நேரத்தில் கோப்பையும் அதே கூடையில் வந்து விழுந்தது.

"நீங்கள் யார்? பார்த்த ஞாபகமே இல்லையே" என்றது கோப்பை.

"நாங்கள் அவளுக்குள் இருந்திருந்தால் பார்த்திருப்பாய்" என்றது மாத்திரை. "அவளுக்குள் போகத்தான் ஆசைப்பட்டோம். வேறெதற்கும் நாங்கள் பிறக்கவில்லை."

"நல்லவேளை, போகவில்லை! தங்கமான பெண். நன்றாக அலசிப் பார்த்துவிட்டேன். அவளுக்குள் ஒன்றுமே இல்லை."

வெளியே மேரியின் செருப்புச் சத்தம் துள்ளலாகப் படியிறங்கிப் போனது.

"ஒன்றுமே இல்லையா?" என்றது மாத்திரை. "அப்படியானால் நாளைக்கு அவள் விழுந்தால், தாங்கிப் பிடிக்க உள்ளே யார் இருக்கிறார்கள்?"