ஓங்கிலுக்கு முறுக்கு போட்ட வறட்டாங்குளத்தார்

வறட்டாங்குளத்துக்காரர்களைப் பற்றி உங்களிடம் யாராவது பொய் சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. நடந்ததைச் சொன்னாலே போதும்.

அந்த ஊரில் வெயிலுகந்தான் என்று ஒரு பெரிய மனிதர். அவர் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, சாப்பிட்டு முடித்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"சம்பந்தி, போன வாரம் சிப்பித்துறைக்குப் போயி, படகுல ஏறி, டால்பின் பாத்தேன். அடடா! அதைப் பாக்காதவன் மனுசனே இல்ல, போங்க."

சொன்னவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். வெயிலுகந்தானுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மச்சினன் மாசானத்தையும், பக்கத்து வீட்டுக் கொம்பையாவையும், ஆவுடையையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஊரில் எந்தச் சிக்கல் வந்தாலும் இந்த நான்கு பேரும் கூடித்தான் அதைப் பெரிதாக்குவார்கள்.

"மாசானம், நீ டால்பின் பாத்திருக்கியா?"

"இல்ல அத்தான்."

"நீங்க?"

கொம்பையாவும் ஆவுடையும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்போ நம்ம ஊர்ல மனுசன்னு ஒருத்தன்கூடக் கிடையாது" என்றார் வெயிலுகந்தான்.

கொம்பையாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இத்தனை வருசமா ஓட்டுப் போட்டிருக்கோமே அண்ணே, அது செல்லுமா?"

"வெளிய சொல்லாத. கேஸாயிரும்."

"கல்யாணம்?" என்று கேட்டான் ஆவுடை. "மனுசனா இல்லாத ஒருத்தர் பொண்ணைத் தாரை வார்த்துக் குடுத்தா, அது தாரை வார்த்ததா ஆகுமா?"

"நான் வேற தாய்மாமன்" என்றான் மாசானம். "மணவறைக்கு நான்தானே கூட்டிட்டுப் போகணும். என்னன்னே தெரியாத ஒண்ணு கையைப் பிடிச்சா, செண்பகம் பயந்துரமாட்டாளா?"

இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? மறுநாள் காலையிலேயே ஒரு தூக்குச் சட்டி நிறைய முறுக்கோடு நான்கு பேரும் பஸ் ஏறினார்கள்.

சிப்பித்துறையில் கடற்கரையோரமாக ஒரு பலகை நட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஆவுடை அதைச் சத்தமாக வாசித்தான். "டால்பின்களைப் படகிலிருந்து மட்டுமே பார்க்க வேண்டும். அவற்றைத் தொடுவதும் கரைக்குக் கொண்டுவருவதும் குற்றம்." மற்ற மூவரும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள். வெளியூரில் வம்பு வேண்டாம் பாருங்கள்.

படகுக்காரர் பெயர் கஸ்பார். அன்று காலைவரைக்கும் நல்ல பொறுமைசாலி என்று பெயரெடுத்திருந்தவர்.

"வாங்க அண்ணாச்சி, ஓங்கில் பாக்கப் போவோமா?"

"ஓங்கில் வேண்டாம். எங்களுக்கு டால்பின்தான் வேணும்" என்றார் வெயிலுகந்தான் கறாராக.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. டவுன்காரங்க டால்பின்னு சொல்வாங்க, நாங்க ஓங்கில்னு சொல்வோம்."

நால்வரும் தள்ளிப்போய்க் குசுகுசுத்தார்கள். "ஒரே படகுல ரெண்டையும் பாத்துரலாம் போலிருக்கே" என்றான் கொம்பையா. "பெரியப்பா ஒண்ணுதானே பாத்தாரு? நாம அவரைவிட ஒரு படி மேல போயிருவோம்." சம்மதம் என்று திரும்பி வந்தார்கள்.

கஸ்பார் ஆரஞ்சு நிறத்தில் நாலு உருப்படியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "ஜாக்கெட்டைப் போடுங்க."

நான்கு பேர் முகமும் சிவந்துவிட்டது.

"யோவ், எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றார் வெயிலுகந்தான். "ஆம்பளையைப் போயி ஜாக்கெட் போடச் சொல்றீரு?"

"இது உயிர் காக்குற ஜாக்கெட்டு அண்ணாச்சி. ஆம்பளை, பொம்பளை, போலீஸ்காரன் எல்லாரும் போடணும். போடாம படகுல ஏத்தமாட்டேன்."

மறுபடியும் தள்ளிப்போய் ஆலோசனை. கல்யாணமா, மானமா என்று பெரிய விவாதம். கடைசியில் ஆவுடைதான் வழி கண்டுபிடித்தான். "போட்டுக்குவோம். ஆனா வெறும் ஜாக்கெட்டோட நின்னாத்தானே அசிங்கம்?" என்றான். அப்படியே செய்தார்கள். ஜாக்கெட்டை மாட்டி, தோளில் கிடந்த துண்டை எடுத்து அடக்க ஒடுக்கமாக மாராப்புப் போட்டு, நுனியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

"அத்தான், எனக்கு மாராப்புச் சரியா இருக்கா?" என்று கேட்டான் மாசானம்.

"இழுத்து விட்டுக்க. படகுக்காரரு பாக்குறாரு."

கஸ்பார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு படகைத் தள்ளினார்.

கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிகிற இடத்துக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, கஸ்பார் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "இனிமே யாரும் சத்தம் போடக்கூடாது. சத்தம் கேட்டா ஓங்கில் ஓடிரும். என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதீங்க. அப்புறம், கண்ணை இமைக்காம பாத்துக்கிட்டே இருங்க. ஒரு இமைப்புல வந்து ஒரு இமைப்புல போயிரும்."

சொல்லிவிட்டு அவர் படகின் முன்நுனிக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கடலை நோட்டம் விட ஆரம்பித்தார்.

இமைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். கொம்பையா இரண்டு விரலால் தன் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். உப்புக் காற்று அடித்தது. அலை தெறித்தது. எட்டுக் கண்ணும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, கண்ணீர் ஊற்றி, கடலும் வானமும் ஒரே கலங்கலாகப் போய்விட்டது. ஆனாலும் ஒருத்தரும் விரலை எடுக்கவில்லை. கல்யாணக் காரியம்.

நால்வரும் இடதுபக்கமே ஒட்டி உட்கார்ந்திருந்ததால் படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கஸ்பார் திரும்பிப் பார்க்காமலேயே மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி, படகு சாயுது. ஒரு ஆளு அந்தப் பக்கமா இறங்கி உக்காருங்க."

இருப்பதிலேயே வயதில் சின்னவன் மாசானம். பெரியவர்களைச் சிரமப்படுத்தக்கூடாது என்று அவனே எழுந்தான். மாராப்பை இழுத்துச் செருகினான். வலதுபக்கமாகப் போனான். இறங்கினான்.

பொளக் என்று ஒரு சத்தம்.

"கேட்டீங்களா!" என்று கஸ்பார் உற்சாகமானார். "பக்கத்துலதான் கிடக்கு. வலதுபக்கம் பாருங்க, வலதுபக்கம்!"

மாசானம் சொன்னபடி உட்காரத்தான் முயற்சி செய்தான். கடல் இடம் கொடுக்கவில்லை. முங்கினான், ஜாக்கெட் தூக்கியது. மறுபடி முங்கினான், மறுபடி தூக்கியது. துண்டு அவிழ்ந்து தலையில் முக்காடாக விழுந்தது. அதன்மேல் ஒரு கொத்துப் பாசி வந்து ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீர் வயிற்றுக்குள் போனது. காலுக்குக் கீழே தரையே இல்லை. "அத்தான், சாகப்போறேன்" என்று கத்தலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே! அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினான்.

படகில் மூன்று பேரும் விரலால் கண்ணைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே" என்று கிசுகிசுத்தான் கொம்பையா. "ஓங்கில்!"

"ஆரஞ்சுக் கலர்லயா இருக்கும்?"

"மேல கறுப்பு, நடுவுல ஆரஞ்சு. பாருங்க, முங்கி முங்கி எந்திரிக்கு."

"துடுப்பை ஆட்டுது" என்றான் ஆவுடை. "நம்மளைத்தான் கூப்பிடுது. பல்லைக் காட்டிச் சிரிக்குது, பாருங்க."

வெயிலுகந்தானுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் அழுகை தனியாகத் தெரியவில்லை. கை இரண்டையும் கூப்பினார். "செண்பகம், உங்கப்பன் மனுசனாயிட்டான்ம்மா."

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டீங்களே?" என்றான் கொம்பையா. "அதோட மீசை அப்படியே நம்ம மாசானத்து மீசை."

"அட ஆமா! மாசானம், இங்க வந்து பாரு. மாசானம்? எங்க அவன்?"

"அந்தப் பக்கம் இறங்கி உக்காந்திருக்கான்."

"சரி, இருக்கட்டும். படகு சாஞ்சிரப்போகுது."

ஆவுடை தூக்குச் சட்டியைத் திறந்து ஒரு முறுக்கை விட்டெறிந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மாசானம், அதை எட்டிப் பிடித்துக் கடித்தான். மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இன்னொன்று போட்டார்கள். அதையும் பிடித்தான்.

இந்த நேரத்தில்தான் உண்மையான ஓங்கில் கூட்டம் இடதுபக்கமாக வந்தது. ஒன்றிரண்டு இல்லை, பெருங்கூட்டம். சாம்பல் முதுகு பளபளக்க, வரிசை வரிசையாக எம்பிக் குதித்தன. இத்தனை வருடத் தொழிலில் கஸ்பாரே அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. தான் சொன்ன எச்சரிக்கையைத் தானே மறந்து கத்தினார்.

"ஏ அண்ணாச்சி! இங்க பாருங்க! இந்தப் பக்கம்! ஐயோ, குதிக்கி பாருங்க!"

மூன்று பேரும் முகத்தைக்கூடத் திருப்பாமல், "உஷ்!" என்றார்கள்.

"சத்தம் போடாதேயும்" என்று பல்லைக் கடித்தார் வெயிலுகந்தான். "ஓங்கில் முறுக்கு திங்குது. ஓடிரப்போகுது."

கூட்டம் படகுக்கு அடியில் புகுந்து வலதுபக்கமாக எழும்பியது. மாசானத்தைச் சுற்றி வட்டமடித்தது. ஒரு குட்டி அவன் காதோரம் மூச்சு விட்டுப் போனது. பெரிய காரியம், இல்லையா? ஆனால் மாசானத்துக்குப் பலகையில் எழுதியிருந்தது ஞாபகம் வந்துவிட்டது. படகிலிருந்து மட்டுமே பார்க்க வேண்டும். தான் இருப்பதோ படகில் இல்லை. சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஏதோ வழவழப்பாகத் தொடையில் உரசியபோது, தான் தொட்டதாக ஆகிவிடக்கூடாதே என்று இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"கும்பிடு போடுது!" என்றான் கொம்பையா.

கூட்டம் போய்விட்டது. அப்போதுதான் கஸ்பார் திரும்பி, கடலில் மிதக்கும் முக்காட்டைப் பார்த்தார். "அந்தோணியாரே!" என்று அலறியபடி கயிற்றை வீசி, மாசானத்தின் ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் போட்டார்.

மூன்று பேரும் பதறிப்போய் எழுந்தார்கள்.

"தொடாதேயும்! குற்றம்!"

"போர்டுல போட்டிருக்கு! திரும்பக் கடல்ல போடும்!"

"நான்தான், மாசானம்" என்றான் தண்ணீரைக் கக்கியபடி மாசானம்.

"அண்ணே, பேசுது!"

"மாசானம்னு பேராம்."

"அத்தான், நிசமாவே நான்தான். இந்தப் பக்கம் இறங்கி உக்காரச் சொன்னாரேன்னு இறங்கினேன்."

மூவரும் கூடி இதை ஆராய்ந்தார்கள். ஆவுடைதான் வாதத்தை எடுத்துவைத்தான். "தண்ணிக்குள்ள கிடந்தது. முங்கி முங்கி எந்திரிச்சுது. நாம போட்ட தீனியைத் தின்னுச்சு. மூணு பேரும் கண்ணு இமைக்காம பாத்திருக்கோம். நீ எப்படி மாசானமாக முடியும்?"

மாசானம் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். தோல் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. தலையைத் தொட்டான், பாசி வந்தது. "நீங்க மூணு பேரு சொல்றீங்க. நான் ஒரு ஆளு. எனக்கும் காலையிலேருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டான்.

கரை வந்ததும் கஸ்பார் படகைக் கட்டிவிட்டு, மணலில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

ஓங்கிலைக் கரைக்குக் கொண்டுவந்தது குற்றமாயிற்றே. போலீஸ் வருவதற்குள் மூவரும் மாசானத்தை நடத்திக் கூட்டிப்போய் முழங்கால் தண்ணீரில் விட்டார்கள். வெயிலுகந்தான் மிச்சமிருந்த முறுக்கை அவன் கையில் கொடுத்தார். "போ, உன் கூட்டத்தோட போய்ச் சேரு. உன்னாலதான் எங்க வீட்ல கல்யாணம் நடக்கப்போகுது" என்று கும்பிட்டார். பிறகு திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

மாசானம் கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. முறுக்கைத் தின்று முடித்தான். ஜாக்கெட் கனத்தது, கழற்றிப் படகில் வைத்தான். கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால், தண்ணீரில் பழைய மாசானமே தெரிந்தான். அவனுக்குப் பெரிய நிம்மதி. குறுக்கு வழியில் நடந்து, அவர்களுக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அங்கே வந்து சேர்ந்த மூவருக்கும் அவனைப் பார்த்ததும் பொங்கிவிட்டது.

"ஏலே, எங்கடா போய்த் தொலைஞ்ச? ஓங்கில் பாத்தோம்டா! அச்சு அசல் உன்னை மாதிரியே இருந்துச்சு. பேசுச்சு. பேருகூட மாசானமாம்!"

மாசானம் டீயைக் கீழே வைத்தான். "மீசை?"

"மீசையும்தான்."

"என்னைக் கூப்பிடணும்னு ஒருத்தருக்கும் தோணலையே" என்று மாசானம் விம்மினான். "நீங்க மூணு பேரும் மனுசனாயிட்டீங்க. தாய்மாமன் நான் மட்டும் இப்படியே நிக்கணுமா?"

வெயிலுகந்தானுக்கு மனசு கேட்கவில்லை. "அழாத. இப்பத்தான் விட்டுட்டு வாறோம், தூரமாப் போயிருக்காது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு" என்று அவனைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். மாசானம் அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, கடலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

"மாசானம்! ஏ மாசானம்!"

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே என்று மரியாதையாக, "இந்தா வாறேன்" என்றான் மாசானம்.

"கேட்டியா!" என்று கைதட்டித் துள்ளினார்கள் மற்ற மூவரும். "வருதுடா! கண்ணை இமைக்காம நில்லு!"