பின்னால் போனால்தான் பாடும்

மந்திக்குளத்தில் மூளை என்பது ஆட்டுக்கறிக் கடையில் மட்டுமே கிடைக்கும். அதையும் இந்த மூன்று அண்ணன் தம்பிகள் சாப்பிடுவதில்லை. மூத்தவன் உச்சிமாகாளி, நடுவில் நம்பிராசன், கடைசி கோமதிநாயகம். கோமதிநாயகத்துக்கு முப்பத்தெட்டு வயது. ஏற்கெனவே தன் இரண்டு கல்யாணங்களுக்கு முகூர்த்தம் முடிந்தபிறகு போய்ச் சேர்ந்த பெருமை அவனுக்கு உண்டு. இரண்டு பெண்களுக்கும் கூட்டத்தில் இருந்த வேறு யாரோ தாலி கட்டிவிட்டார்கள். இதுவும் தவறினால் அந்த வட்டாரத்தில் இவனுக்குப் பெண் கொடுக்க ஆள் கிடையாது.

மூன்றாவது மாமனார் சங்கரபாண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்து. மாப்ள கார்ல பாட்டுச் சத்தத்தோட வந்து எறங்கணும்."

கார் இருந்தது. மாப்பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தது. அதிலிருந்த பாட்டுப் பெட்டிதான் ஊமையாகிப் பல வருடம். புதுப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, கல்யாணத்தன்று காலையில் குளித்துப் பட்டுவேட்டி கட்டியபிறகு மாட்டத் தொடங்கினார்கள்.

"நேத்தே மாட்டியிருந்தா இந்நேரம் பழசாயிருக்கும்லா" என்றான் உச்சிமாகாளி. தம்பிகள் தலையாட்டினார்கள்.

கடைக்காரர் சொல்லி அனுப்பியது சுலபம். சிவப்பு வயரைச் சிவப்போடு சேர், கறுப்பைக் கறுப்போடு சேர். ஆனால் காருக்குள் இருந்த வயர்கள் எல்லாம் வெளுத்து, அழுக்கேறி, மண் நிறத்தில் கிடந்தன.

"அண்ணே, இதுல செவப்பும் இல்ல, கறுப்பும் இல்லயே."

"ஏலே, இல்லேன்னா ஆக்கணும். அவரு சொன்னபடி நடக்கணுமா வேண்டாமா?"

கல்யாணத் தாம்பாளத்தில் குங்குமமும் இருந்தது, கண்மையும் இருந்தது. அண்ணன் ஒரு வயருக்குக் குங்குமம் பூசினால் தம்பி அடுத்ததுக்கு மை பூசினான். யாருக்கும் மனக்குறை வந்துவிடக் கூடாது என்று வயர்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இப்பேர்ப்பட்ட அறிவாளிகள் எந்த மாப்பிள்ளைக்கு அண்ணன்களாக வாய்ப்பார்கள்!

நிறம் பார்த்துச் சேர்த்து முடித்தும் பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. மணி எட்டாகிவிட்டது. மூன்றாவது பெண்ணும் போயிற்று என்று கோமதிநாயகம் அழ ஆரம்பித்தான். போகிறவரை போவோம் என்று உச்சிமாகாளி காரைக் கொட்டகையிலிருந்து பின்னால் எடுத்தான். நாதஸ்வரம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது! தெருவில் திருப்பி முன்னால் ஓட்டினான். நின்றுவிட்டது. மறுபடி பின்னால் எடுத்தான். பாடியது.

பின்னால் போகும்போது மட்டும் எரிகிற விளக்குக்கு ஒரு வயர் உண்டு. குங்குமம் அதன்மேல் பட்டு, பெட்டியின் சிவப்பு வயர் அதோடு சேர்ந்திருந்தது, அவ்வளவுதான் சங்கதி. ஒரு எருமைக்குப் பாதி நாள் அவகாசம் கொடுத்திருந்தால் அதுகூடக் கண்டுபிடித்திருக்கும்.

"பெட்டிக்கு முன்னால போக இஷ்டமில்ல" என்றான் நம்பிராசன்.

"புதுசுலா? கூச்சமா இருக்கும். அது இஷ்டப்படியே போவோம்" என்றான் உச்சிமாகாளி.

எட்டு மைலும் பின்னாலேயே போனார்கள். ஓட்டுகிறவன் கண் எப்போதும் முன்னால் இருக்கவேண்டும் என்று கார் பழகும்போது யாரோ சொல்லியிருந்ததால், உச்சிமாகாளி கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. நம்பிராசன் பின்சீட்டில் முட்டி போட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்து வழி சொன்னான். அவனுடைய இடது அண்ணனுக்கு வலதாக இருந்ததால் ஒரு வைக்கோல் படப்பும் ஒரு டீக்கடை பெஞ்சும் சேதமாயின. அதன்பிறகு அவன் இடது வலது இரண்டையும் விட்டுவிட்டு, "ஐயோ" என்று மட்டும் சொன்னான். அதில் குழப்பமே இல்லை. வழியெல்லாம் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொறாமை, என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டான்.

மணி பத்தாகப் பத்து நிமிடம். கல்யாண மண்டபத்து வாசலில் சங்கரபாண்டி எட்டிப் பார்த்தார். கார் நின்றது, ஆனால் அதன் மூஞ்சி மந்திக்குளத்தைப் பார்த்து இருந்தது.

"ஐயையோ! மாப்ள கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போறாரே! வாசல்ல நின்னு கூப்புட ஒரு ஆளு இல்லாம போச்சே!"

பெண் வீட்டார் அத்தனை பேரும் காரைத் தாண்டி ஓடி, முன்பக்கம் மறித்து, பலம்கொண்ட மட்டும் தள்ளினார்கள். கார் நாதஸ்வரத்தோடு பின்னாலேயே வந்து, வாசல் வாழைமரம் இரண்டையும் சாய்த்துவிட்டு நின்றது. என்ன மரியாதை, என்ன வரவேற்பு என்று அண்ணன்கள் பூரித்துப்போனார்கள். முகூர்த்தம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது கோமதிநாயகம் தாலி கட்டிவிட்டான்.

கட்டி முடித்ததும் சங்கரபாண்டி கைகூப்பி வந்து நின்றார். "என்ன கொறை இருந்தாலும் சொல்லுங்க மாப்ள. உடனே செய்யுதேன். இப்படிப் பாதியில கோவிச்சுக்கிட்டுப் போவப்படாது."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்கிறவரை ஏமாற்றக் கூடாதே? அண்ணன்களோடு ஒதுங்கிப்போய் வெகுநேரம் யோசித்துவிட்டு வந்தான்.

"பெரிசா ஒண்ணுமில்ல மாமா. பொண்ணோட ஊருக்குப் போகையிலயும் பாட்டு வேணும்லா? நம்ம கார்ல முன்னால போக நாலு கியர் சும்மா கெடக்கு. பின்னால போக ஒண்ணே ஒண்ணு. அதான் லேட்டாவுது. நாலுல மூணைப் பின்னால மாத்திக் குடுத்தாப் போதும்."

சங்கரபாண்டிக்கு உயிர் வந்தது. மருமகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டுத்தானா! எனக்கு இருக்கது ஒத்தப் பொண்ணு மாப்ள. கொறை வைப்பேனா? நாலையும் பின்னாலயே மாத்திருவோம்!"