சந்தனம் வைத்த கத்தி

“கத்தி முடிஞ்சுதும்மா. எனக்குத் தீட்சை எப்ப?”

கேட்டவர் ஆவுடையப்பன். பேரன் பேத்தி எடுத்தவர். குரு தவமணி அம்மா அவரைவிட வயதில் இளையவர். அம்மா அவரை அண்ணாச்சி என்பார். அவர் அம்மா என்பார். அந்த மலையடி மடத்தில் யாருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை.

மடத்துக்கு வேண்டிய ஒரு பொருளைத் தன் கையால் செய்து முடித்தவருக்குத்தான் அங்கே தீட்சை. ஆவுடையப்பன் அடுப்படிக்கு ஒரு பலாப்பழக் கத்தி செய்திருந்தார்.

செய்ததை விளக்கு முன்னால் வைத்துச் சந்தனம் இடவேண்டும். அவர் தாராளமாகவே இட்டிருந்தார்.

சமையல் செய்யும் முத்தக்காள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, கத்தியைப் பொண்ணு பார்க்க வாராங்களோ? இம்புட்டுச் சந்தனம்.”

அவர் சிரிக்கவில்லை.

அலகுக்கும் பிடிக்கும் நடுவே ஒரு பித்தளைத் தகடு. கை வழுக்கி வெட்டுவாய்க்குப் போகாமல் தடுப்பது அதுதான். அலகின் வால் நுழைவதற்கு அதில் துளை போடும்போது, அவசரத்தில் அரம் கூடுதலாகத் தின்றுவிட்டது. தகடு லொடலொடவென்று ஆடியது.

அந்தச் சந்தில்தான் சந்தனம் இருந்தது.

“நாளைக்கே தீட்சை வச்சுக்கலாம் அண்ணாச்சி,” என்றார் அம்மா. “முதல்ல பழத்தை அறுப்போம்.”

முத்தக்காள் பழத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். பால் ஒட்டாமலிருக்க, அம்மா இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டார். கத்தியை எடுத்தார்.

நாளைக்குத் தீட்சை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆவுடையப்பன் அந்த எண்ணெய்க் கையையே பார்த்தார். அலகு முள்ளில் பதிந்தது.

“அம்மா, நிறுத்துங்க.”

“ஏன்?”

“தகடு ஆடுது. விரல் போயிரும்.”

“கெட்டியாத்தானே தெரியுது?”

“சந்தனம்மா அது. மறைக்க வச்சேன்.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். “அப்ப தீட்சை?”

“அது கிடக்கட்டும். இதைச் சரிபண்ணிட்டு வாரேன்.”

முத்தக்காள் பழைய அரிவாளைத் தேடிப் போனாள்.

பட்டறையில் அவர் கத்திக்குச் சூடு காட்டி, பிடியை ஒட்டியிருந்த அரக்கு இளகியதும் அதைக் கழற்றினார். தகட்டைக் கல்மேல் வைத்துத் துளையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். பித்தளை மெல்ல உள்ளே நகர்ந்து துளை குறுகியது. இப்போது வால் நுழையவில்லை. அரத்தால் ஓர் இழுப்பு. பொருத்திப் பார்த்தார். இன்னோர் இழுப்பு. பசி வந்தது. அதுவாகவே போனது.

விளக்கேற்றும் நேரத்துக்குக் கத்தியைக் கொண்டுபோய் வெறுமனே வைத்தார். தீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை.

அம்மா கத்தியை எடுத்து ஒரு உதறு உதறினார். சத்தமில்லை.

“சந்தனம் வைக்கலையா அண்ணாச்சி?”

“வைக்க இடம் இல்லம்மா.”

அம்மா சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, அவர் நெற்றியில் வைத்தார்.