நரியின் மூன்றாவது மடிப்பு

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று கேலிச்சித்திரம் போட்டுப் பேர் வாங்கியிருந்தது. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், பிள்ளைகளே! தூரிகை வேண்டுமா, முதுகிலிருந்து ஒரு முள். மை வேண்டுமா, நாவல்பழச் சாறு. படம் போட ஒரு வெள்ளைப் பாறை. வேறென்ன வேண்டும்?

மழைக்காலத்துக்கென்று முயல் சேர்த்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒருநாள் ஒரு நரி மூட்டையோடு தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. பார்த்தது முள்ளம்பன்றி மட்டும்.

நாட்டாமை யானை, காட்டிலிருந்த ஒன்பது நரிகளையும் வரிசையாக நிறுத்தியது. “எந்த நரி? சொல்!”

“சட்டென்று சொல்ல வராது, ஐயா. வரைய வரையத்தான் எனக்கு முகமே ஞாபகம் வரும்” என்றது முள்ளம்பன்றி.

சொல்லிவிட்டு, பாறையில் முழ நீளத்துக்கு ஒரு கூர்மூக்கை இழுத்தது.

நரிகள் விழுந்து விழுந்து சிரித்தன. “இந்த மூக்கு எங்கள் பெரியப்பாவுக்கும் இருக்கிறது! அவரையும் கூட்டி வரட்டுமா?”

முயலுக்குக் கண் கலங்கிவிட்டது. “அண்ணே, மேகம் கறுத்துவிட்டது. கிழங்கு கிடைக்காவிட்டால் என் ஆறு குட்டிகளும் பட்டினிதான்.”

“பொறு தங்கச்சி. மூக்கு எல்லா நரிக்கும் பொது. இனிமேல்தான் அந்த நரியே வரப்போகிறது.”

முள்ளம்பன்றி இடது காதின் நுனியை வெற்றிலை மடிப்பதுபோல மடித்து வரைந்தது. வரிசையின் கடைசியில் நின்ற நரி, சொறிவதுபோலத் தன் காதை மெல்ல மூடிக்கொண்டது.

புருவங்கள் இரண்டும் கம்பளிப்பூச்சிகளாயின. கடைசி நரி தலையைக் குனிந்துகொண்டது.

பிறகு தாடை. ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு. குறும்பு விடுமா? மூன்றாவதாக, பலாப்பழம் தொங்குவதுபோல ஒன்று!

எட்டு நரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

“நிறுத்துடா படுபாவி!” என்று பாய்ந்து வந்தது கடைசி நரி. “மூன்றா? எனக்கு இரண்டு மடிப்புதானேடா இருக்கிறது!”

சிரிப்பு நின்றது.

“அப்படியா, தம்பி?” யானை துதிக்கையால் அதன் தாடையை நிமிர்த்திப் பார்த்தது. “ஆமாம், இரண்டுதான். சரி, கிழங்கு எங்கே?”

கிழங்கு ஈச்சம்புதருக்குள் இருந்தது. முதல் தூறல் விழுவதற்குள் மூட்டை முயலின் வளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சுமந்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள், பாவம்!

முள்ளம்பன்றியும் நியாயம் தவறவில்லை. மூன்றாவது மடிப்பை எச்சில் தொட்டு அழித்துவிட்டது.

நீதி: மூக்கு இனத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன அடையாளங்களே.