மலைக்கு முன்னால் ஓர் ஆள்

தாணுமூர்த்திக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆயுசில் பாதியைப் போலீஸ் வேலையில் கழித்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் பாளையங்கோட்டையில், தன் மகள் வயதே ஆன பெனினா டீச்சரிடம் எண்ணெய் வண்ணம் தீட்டப் படிக்க வந்தார் என்றால், சும்மா வருவாரா?

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை. பழைய ஐரோப்பிய ஓவியம். புயல் மேகம், பனிமலை, அதைப் பார்த்தபடி நமக்கு முதுகு காட்டி நிற்கும் சின்னஞ்சிறு மனிதன். அதன் அச்சுப் பிரதியை அவர் மகள் வடிவு தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். ஒரு சண்டையில் இவர் அதைக் கிழித்துப் போட்டார்.

"இந்த வீட்ல உங்களத் தவிர வேற யாருக்கும் இடமில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அதற்கப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை. அதே படத்தைத் தன் கையால் வரைந்து எடுத்துப் போனால் கதவையாவது திறப்பாள் என்று மனுஷருக்கு ஒரு நப்பாசை.

டீச்சரோ வரைய விட்டால்தானே! அவர் வரைய வரைய, ஈரம் காயுமுன் கத்தியை எடுத்து அந்த மனிதனை மட்டும் சுரண்டிவிடுவாள். அன்றைக்கும் சுரண்டினாள். வந்ததே அவருக்கு ஆத்திரம்! வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் டப்பாவைத் தட்டிவிட்டார்.

"என்ன டீச்சர், வெளையாடுதீங்களா? ஸ்கேல் வச்சு அளந்து வரைஞ்சிருக்கேன். அளவு தப்பா?"

"இல்ல சார்."

"கலர் தப்பா?"

"கலரும் சரிதான்."

"பெறவு என்ன எழவுக்குச் சொரண்டுதீங்க? மலையச் சொரண்ட வேண்டியதுதானே!"

டீச்சருக்கும் சுள்ளென்று கோபம் வந்தது.

"சத்தம் போடாதீங்க. இது ஸ்டேஷன் இல்ல. மொதல்ல அந்த டப்பாவ நிமுத்தி வைங்க."

முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்தி வைத்தார்.

பார்த்து வரைய அவர் புதிதாக வாங்கி வைத்திருந்த அச்சுப் படத்தை அவள் எடுத்தாள். அதிலிருந்த மனிதன் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"மலை தெரியுது. புயல் தெரியுது. இதென்ன கேள்வி?"

"இதுல?" என்று அவர் வரைந்துகொண்டிருந்த கித்தான் துணியைக் காட்டினாள்.

பார்த்தார். நடுவில் சுரண்டிய தடம். சுற்றிலும் சாம்பலும் பழுப்புமாக ஏதோ அப்பிக் கிடந்தது. மலை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் அந்த ஆளைத்தான் முதலில் வரைவார். காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி, தோளில் வெளிச்சம் விழ, ரசித்து ரசித்து வரைவார். மிச்ச இடத்தை அவசர அவசரமாக நிரப்புவார்.

அவர் முகம் கன்றிப்போயிற்று. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"என் மகளுக்குக் குடுக்க வேண்டிய படம் டீச்சர் இது! அந்த ஆளு இல்லாமலா குடுக்கச் சொல்லுதீங்க? அவன எப்பத்தான் வரையட்டும்?"

டீச்சர் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"மொதல்ல மலை வரட்டும் சார். மேகம், காத்து எல்லாம் வரட்டும். அதுக்குப் பெறவு அவருக்கு இடம் இருக்கான்னு பாப்போம்."