முதல் கவளம்

இக்கதையைச் சொல்வோரில் சிலர், மாணவன் கடல் கடந்து சென்றான் என்பர். வேறு சிலர், மலை கடந்து என்பர். அவன் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டான் என்பதிலும், போய்ச் சேர்ந்த நாட்டில் பனி பெய்யும் என்பதிலும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவன் பெயர் திருமேனி என்றே எங்கும் வழங்குகிறது.

அந்நாட்டில் ஓர் ஆசான் தம் இல்லத்திலேயே மாணவரை வைத்து மருத்துவம் கற்பித்து வந்தார். திருமேனி அவரிடம் சேர்ந்தான். மொழியைக் கற்றான்; கம்பளி உடுத்தக் கற்றான்; வெண்ணெய் கலந்த உப்புத் தேநீரை முகம் சுளிக்காமல் குடிக்கவும் கற்றான்.

முதல் பனி விழுவதற்குச் சற்று முன், ஒரு வணிகர் கூட்டம் அவ்வழியே வந்தது. அவனுடைய தந்தை இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு அது போயிற்று. அவன் ஒரே மகன்.

அன்று முதல் அவன் உண்ணும் முன் ஒரு கவளத்தை எடுத்துவைத்தான். வாற்கோதுமை மாவை உருட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த எள்ளைக் கலந்து, கொல்லைப்புறக் கல்மீது வைத்தான். காக்கை எதுவும் கண்ணில் படவில்லை. ஆயினும் மறுநாள் கல் வெறுமையாக இருந்தது.

“அப்பா வந்திருக்கிறார்” என்று எண்ணி மனம் தேறினான்.

ஒரு விடியலில், சமையல் செய்யும் பேமா ஆட்டுப்பட்டியைத் திறக்கச் சென்றாள். அவளுடைய அலறல் கேட்டு எல்லோரும் ஓடினர். ஒரு கரடி அவள் வலக்கையைக் கிழித்திருந்தது. ஊரார் ஈட்டியோடு வந்து அதைக் கொன்றனர்.

“இந்நேரம் குகையில் உறங்க வேண்டிய விலங்கு இது. எது இதை இங்கே நிறுத்தி வைத்தது?” என்றார் ஒரு கிழவர்.

கரடியின் வயிற்றைக் கிழித்தார்கள். திருமேனியுடன் பயிலும் நோர்பு குனிந்து பார்த்தான்.

“மாவு! அதில் கறுப்பாக ஏதோ இருக்கிறதே. பூச்சியா?”

திருமேனி அதைப் பார்த்தான். பனியில் அமர்ந்துவிட்டான்.

“எள்” என்றான். “நான் வைத்தது.”

“வெளியிலா வைத்தாய்? பனி விழுந்த பின்னுமா?” என்று கேட்டான் நோர்பு. “விலங்கு மணம் பிடித்து வரும் என்று பாத்திரம் கழுவிய நீரைக்கூட நாங்கள் வெளியே ஊற்றுவதில்லையே! பால்குடி மறவாத பிள்ளைக்கும் இது தெரியும்.”

“எனக்கு யாரும் சொல்லவில்லை.”

“எதைச் சொல்வது? நெருப்பில் கையை விடாதே என்றும் சொல்ல வேண்டுமா? நீயாவது சொல்லியிருக்கலாமே, இப்படி வைக்கிறேன் என்று!”

“எங்கள் ஊரில் இதை யாரும் சொல்லிக்கொண்டு செய்வதில்லை. இறந்தவருக்கு வைப்போம். காக்கையாக வந்து உண்பார்கள்.”

“அப்படியானால் உன் தகப்பன் கரடியாகவா வந்தார்?”

ஈட்டி பிடித்திருந்தவன் அதைத் தரையில் போட்டான். திருமேனி கரடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து உள்ளே சென்று தன் துணிகளை மூட்டையாகக் கட்டினான்.

ஆசான் பேமாவின் கையைக் கழுவித் தைத்து, மருந்து கட்டி முடித்திருந்தார்.

“ஐயனே, விடை கொடுங்கள். நான் கால் வைத்த வீட்டில் இரத்தம் விழுந்துவிட்டது.”

“கை பிழைக்கும். ஆனால் நெடுநாள் மடங்காது” என்றார் ஆசான்.

அவன் தலை தாழ்ந்தது.

“உண்ணும் வேளையாகிவிட்டது. பேமாவுக்கு ஊட்ட ஆள் வேண்டும். ஊட்டிவிட்டுப் போ” என்றார் ஆசான்.

எல்லோரும் வட்டமாக அமர்ந்தனர். நோர்பு தன் கிண்ணத்தோடு சற்றுத் தள்ளிப்போய் அமர்ந்தான். திருமேனி பேமாவின் எதிரே மண்டியிட்டான். அவள் முகம் வெளுத்திருந்தது.

“என்ன பார்க்கிறாய்?” என்றாள். “நான் கடிக்கமாட்டேன். பசிக்கிறது, கொடு.”

அவன் முதல் கவளத்தை உருட்டினான். கை பாதி வழியில் நின்றது; அதைக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தான். அடுத்த கவளத்தை எடுக்கப் போனான்.

நோர்பு கத்தினான். “பார்த்தீர்களா, ஆசானே? இன்னும் அதை வைக்கத்தான் பார்க்கிறான்! இவ்வளவு நடந்த பிறகும்!”

பேமா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

திருமேனியின் கண்கள் நிறைந்தன. “ஐயனே, என்னைத் துரத்துங்கள், ஏற்கிறேன். ஆனால் எனக்கு உடன்பிறந்தோர் எவரும் இல்லை. நான் கொடுக்காவிட்டால் என் தந்தைக்குக் கொடுப்பார் யாரும் இல்லை. வெளியே வைக்கக்கூடாது என்பதை அறிந்துகொண்டேன். முதல் கவளத்தை வேறு ஒருவருக்குத் தந்துவிட்டு, அவரைக் காக்க வைப்பது எப்படி?”

ஆசான் தம் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“உன் தந்தை எப்படிப்பட்டவர்?”

“நல்லவர்.”

“அவர் உயிரோடு வந்து, இந்த வட்டத்தில், இவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள். இவள் கையைப் பார்த்த பிறகு, இவளுக்கு முன் அவர் உண்பாரா?”