இலைக்கோழி நடந்து வளைத்த தண்ணீர்

பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழியில் சண்டை போட்ட அந்தக் காலத்தில், கடல் வாடையே எட்டாத உள்நாட்டில், கண்ணுக்கெட்டிய வரை சதுப்பாக ஒரு பூமி கிடந்தது. பஞ்சத்துக்குத் தப்பி வந்த சனங்கள் அங்கே குடியேறினார்கள். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து வருஷா வருஷம் வயலைப் பெருக்கினார்கள். கடைசியில் நடுப்பள்ளம் மட்டும் மிஞ்சியது. அதை மருதாயிக்கு ஒதுக்கியிருந்தார்கள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, மற்றவர்கள் வயலுக்கே மண் சுமந்தவள் அவள். தன் நிலத்து நெல்லில் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை.

பள்ளத்துத் தண்ணீரை வடிக்க வாய்க்கால் அடைப்பை அவள் வெட்டப் போன காலையில், இலைக்கோழி என்னும் நீர்ப்பறவையின் சேவல் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அந்த இனத்தில் பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அடைகாப்பது சேவல்தான். தன் முட்டைகள் ஆம்பல் இலைமேல் இருப்பதாகவும், தண்ணீர் வடிந்தால் அவை நரிக்குத்தான் என்றும் அது முறையிட்டது.

முறையீட்டைக் கேட்க ஊரே கரையில் கூடியது. ஊர்த்தலைவர் சாத்தையன் ஒத்துக்கொள்ளவில்லை. கால் ஊன்றி நடப்பவர்களுக்குத்தான் நிலம். நீந்துகிறவர்களுக்கும் பறக்கிறவர்களுக்கும் அதில் பங்கில்லை என்றார்.

“நான் இந்தத் தண்ணீர்மேல் நடந்து காட்டினால்?” என்றது சேவல்.

கூட்டம் சிரித்தது. அந்நாளில் அதன் விரல்கள் புறாவின் விரல்களைப் போலக் குட்டை. மருதாயிதான் நிபந்தனை சொன்னாள்.

“பறக்கக் கூடாது, நீந்தக் கூடாது. உச்சிப்பொழுதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இலைக்கே வந்துவிடு. நீ வளைத்ததெல்லாம் உனக்கு. வராவிட்டால் அத்தனையும் எனக்கு.”

சேவல் முதல் இலையில் கால் வைத்தது. இலை அமிழ்ந்தது. விரல்களை விரித்து ஊன்றியதும் நின்றது. அடுத்த இலையில் இன்னும் அகல விரித்தது. இலைக்கு இலை, விரல் ஒரு நெல்மணி அளவு நீண்டது. கரையில் சனங்கள் கூடவே ஓடினார்கள். கஞ்சிக் கலயத்தைப் போட்டுவிட்டுப் பெண்களும் ஓடினார்கள். சிரித்தவர்களே இப்போது கைதட்டினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவள் மருதாயி. யார் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

சூரியன் உச்சியை நெருங்கியபோது, புறப்பட்ட இலைக்கும் சேவலுக்கும் நடுவில் வெறும் தண்ணீர். காலை நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை. நின்ற இலையும் மெல்ல அமிழ்ந்தது. தண்ணீர் வயிற்றைத் தொட்டது. ஒரு சிறகடி போதும், தாண்டிவிடலாம். அதுவோ சிறகுகளை இறுக்கி மடக்கிக்கொண்டது.

மருதாயி தண்ணீரில் குதித்தாள். இடுப்பளவு நீரில் விறுவிறுவென்று நடந்து, பக்கத்தில் மிதந்த ஓர் இலையை மண்வெட்டிக் காம்பால் நடுவே தள்ளினாள். சேவல் அதில் கால் வைத்துத் தாண்டியது. சுற்று முடிந்தது. கரை அதிர்ந்தது.

கையில் வந்த நிலத்தைத் தொலைத்துவிட்டாயே, உனக்குப் பைத்தியமா என்று சாத்தையன் கடிந்துகொண்டார்.

“பறக்கக் கூடாது, நீந்தக் கூடாது என்றுதானே சொன்னேன் ஐயா? இலையைத் தள்ளக் கூடாது என்று சொல்லவில்லையே. அது சொன்ன சொல்லுக்காக முழுகவே துணிந்துவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகவில்லை.”

சாத்தையன் அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, கால்வாயைப் பள்ளத்தைச் சுற்றி வளைத்துத் திருப்பினார். பள்ளத்தை ஒட்டிய வயல்காரர்கள் ஆளுக்கொரு பாத்தியை அவளுக்கு விட்டார்கள். அந்த அறுவடையில் மருதாயி தன் நெல்லைப் பொங்கி, கரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இலைமேல் குஞ்சுகள் நடந்துகொண்டிருந்தன.

சுற்றிலும் வயல் சூழ்ந்தாலும் நடுச்சதுப்பில் யாரும் ஏர் பூட்டாததும், உடம்புக்குப் பொருந்தாத நீள விரல்களோடு இலைக்கோழி அதன்மேல் நடந்து திரிவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.